கமா அக்காவும் லாபமே இல்லாத ஆஸ்பத்திரியும்

அந்த ஆஸ்பத்திரியின் வாசலில் ஆளுயர எழுத்தில் 'லாப நோக்கமற்ற அறக்கட்டளை மருத்துவமனை' என்று பொறித்திருந்தார்கள். எழுத்துகளுக்குத் தங்க முலாம். முலாம் பூசிய செலவை 'நோயாளிகளுக்கான வழிகாட்டல்' என்ற தலைப்பின் கீழ்க் கணக்கில் ஏற்றியவள் கமா அக்கா.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே அவளுக்கு அந்த இடத்தின் அரிச்சுவடியைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஆண்டுக் கணக்கின் கடைசி வரியில், வரவில் செலவு போக மிஞ்சியதற்கு நேரே, அவள் 'லாபம்' என்று எழுதிவிட்டாள். அப்போதிருந்த மேலாளர் பதறிப்போய்ப் பேனாவைப் பிடுங்கினார்.

"லாபம்னு எழுதாதீங்கம்மா. நமக்கு லாபமே கிடையாது. உபரின்னு எழுதுங்க."

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

"லாபம்னா வரி கட்டணும்."

அதன்பிறகு இருபத்தாறு வருஷம் அவள் அந்தச் சொல்லை எழுதவில்லை.

கமா என்பது அவளுக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர். எந்தத் தொகையை யார் எழுதிக் கொண்டுவந்தாலும், இலக்கங்களுக்கு நடுவே கமா போடாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவாள். "கமா இல்லாத தொகை பொத்தான் இல்லாத சட்டை மாதிரி. எனக்குக் கூச்சமா இருக்கு" என்பாள். புதிதாக வந்த டாக்டர் ஒருவர் அதைக் 'கோமா அக்கா' என்று காதில் வாங்கிக்கொண்டு, எந்தக் கட்டில் என்று விசாரித்திருக்கிறார். "கணக்குப் பிரிவுல மூணாவது மேஜை. ஆனா முழிச்சிட்டுத்தான் இருக்காங்க" என்று நர்ஸ் பதில் சொன்னதாகக் கதை உண்டு. அக்காவே அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. இரண்டு அறை வீடு, ஒரு மின்விசிறி, அது சுற்றும்போது எழுப்பும் சத்தத்தைப் பற்றி இருவருக்கும் நடுவே தீராத ஒரு வழக்கு. அவ்வளவுதான் குடும்பம்.

லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரி என்றால் மிச்சமே வரக்கூடாது என்று அர்த்தமில்லை. வரலாம். ஆனால் அதைப் பங்கு போட்டு எடுத்துப்போக முதலாளி என்று யாரும் கிடையாது. மிஞ்சியது திரும்ப நோயாளிக்கே போகவேண்டும். அதற்காகத்தான் அரசு வரி வாங்காமல் விட்டிருக்கிறது. இதெல்லாம் தாளில். நடந்தது என்னவென்று அக்காவுக்குத்தான் தெரியும், ஏனென்றால் நடந்ததையெல்லாம் நடக்காத மாதிரி எழுதியது அவள் கை.

ஆண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது உபரிக்கென்று ஒரு கூட்டம் போடுவார்கள். கூட்டத்தை நடத்துபவர் நிதி இயக்குநர். எதைச் சொன்னாலும் சுவரில் படம் காட்டித்தான் சொல்வார் என்பதால் ஆஸ்பத்திரியில் அவருக்கு 'ஸ்லைடு சார்' என்று பெயர். தாய் தந்தையைப் பற்றிக் கேட்டால்கூட ஒரு வட்டப்படம் போட்டு இத்தனை சதவீதம் தாய் என்று காட்டக்கூடிய ஆள்.

"இந்த வருஷம் உபரி ரொம்ப அதிகம். இப்படியே வெளியில போனா நமக்கு அசிங்கம்" என்று ஆரம்பிப்பார். வீட்டில் பிள்ளை தப்பு செய்துவிட்ட முகபாவம்.

உடனே எல்லோரும் அந்த அசிங்கத்தைத் துடைக்கக் கிளம்பிவிடுவார்கள். ஒரு பகுதி கட்டட நிதிக்கு. கட்டடம் கட்டுபவர் அறக்கட்டளைத் தலைவருடைய மச்சான். ஒரு பகுதி 'எதிர்கால வளர்ச்சிக்கு' என்று வங்கியில் வைப்பு. அந்த எதிர்காலம் இருபத்தாறு வருஷமாக வந்துகொண்டே இருந்தது. ஒரு பகுதி இயக்குநர்களுக்கு ஊக்கத்தொகை. பணம் வாங்கினால்தான் ஊக்கம் வரும் என்றால் அது என்ன சேவை என்று அக்கா ஒருமுறை வீட்டில் கேட்டாள். "எனக்கும் லிஃப்டுக்குள்ள போனா ஊக்கமே வரமாட்டேங்குது. யாரு தர்றாங்க?" என்றார் கணவர். ஒரு வருஷம் ஆறு இயக்குநர்கள் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய் அங்குள்ள ஆஸ்பத்திரிகளின் கழிவறைகளை ஆராய்ந்துவிட்டு, முகமெல்லாம் வெயிலில் கறுத்துத் திரும்பினார்கள். கழிவறையில் எங்கிருந்து அவ்வளவு வெயில் என்று எந்த ஆடிட்டரும் கேட்கவில்லை.

இன்னொரு வருஷம், கீழ்த்தளக் கூடத்தில் ஒரு பியானோ வந்து இறங்கியது. யாரும் வாசிக்கவேண்டாம், தானாகவே வாசித்துக்கொள்ளும். கணக்கில் 'நோயாளிகளின் மன அமைதி'. அதே சமயம் மூன்றாவது மாடி இலவச வார்டில் இருந்த ஒரே சக்கர நாற்காலியும் ஒரு சக்கரம் இறுகிப்போய் வட்டமடிக்கும். அந்த வார்டுக்குப் போகிற லிஃப்டில் நாலு வருஷமாகப் 'பழுது' என்று அட்டை தொங்கியது. கணவர் ஒருநாள் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு ரிலே போர்டு மாத்தினா ஓடிடும். உங்க பியானோ நாற்காலி விலைகூட ஆகாது" என்றார்.

"ஆள் உட்காராத பியானோவுக்கு நாற்காலி எதுக்குன்னு நானும் கேட்டேன். அழகுக்காம்" என்றாள் அக்கா.

ஆனால் இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் வித்தை ஒன்று இருந்தது. அதன் பெயர் தர்மக் கணக்கு. வரி விலக்கு வேண்டுமானால் வருஷத்துக்கு இவ்வளவு தர்மம் செய்தோம் என்று காட்டவேண்டும். ஆஸ்பத்திரி என்ன செய்தது என்றால், நூறு பெறுமான சிகிச்சைக்கு விலைப்பட்டியலில் முந்நூறு என்று போட்டது. நோயாளி கெஞ்சிக் கூத்தாடினால் நூற்றைம்பதுக்கு இறங்கி வந்தது. இறங்கிய நூற்றைம்பதும் தர்மம். அடிமாட்டு விலைக்கு நகையை விற்று நூறைக் கட்டியவன் மீதி ஐம்பதைக் கட்டமுடியாமல் ஓடிப்போனால், அந்த ஐம்பதும் தர்மம். ஓடுகிறவனைத் துரத்தி நாலு கடிதம் போட்ட தபால் செலவு வேறு இருக்கிறதே, அதுவும் தர்மத்தில்தான் சேர்ந்தது.

உண்மையான இலவச சிகிச்சைக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பதினொரு பக்கம். நலப்பிரிவு அலுவலரின் இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அவர் செவ்வாய்க்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் இருக்கையில் இருப்பார். அந்த இரண்டு மணி நேரத்திலும் ஒரு மணி நேரம் தேநீர்.

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் கமா போட்டுக்கொண்டிருந்தாள். சம்பளம் வந்தது, மகள் படித்தாள், வாயைத் திறக்கவேண்டிய அவசியம் வரவில்லை. அவளை யாரும் தியாகி என்று நினைத்துவிடக்கூடாது.

அவசியம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக் கதவைத் தட்டியது. திறந்தால் நாத்தனார். கணவரின் தங்கை, பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் தையல் வேலை. தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை அக்கா நேரில் கொண்டுபோய்க் கொடுக்காமல் தபாலில் அனுப்பிவிட்டாள் என்று எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணத்துக்கு வந்தாள், போட்டோவில் நின்றாள், ஒரு வார்த்தை பேசாமல் போனாள். அப்படிப்பட்ட பிடிவாதக்காரி, இப்போது பாதி உடம்பாக இளைத்து வாசலில் நின்றாள்.

"உள்ள வா" என்றாள் அக்கா.

"வர்றதுக்கு வரல." நாத்தனார் கையிலிருந்த கடிதத்தை நீட்டினாள். "இது உங்க கையெழுத்துதானே அண்ணி?"

மூன்றாம் நினைவூட்டல். பதினான்கு நாளைக்குள் கட்டத் தவறினால் சட்ட நடவடிக்கை. கீழே அக்காவின் கையெழுத்து. ரப்பர் முத்திரைதான், மாதத்துக்கு இரண்டாயிரம் கடிதத்தில் விழும் முத்திரை. ஆனால் அந்தச் சுழியும் கோடும் அவளுடையவைதான்.

"பித்தப்பையில கல்லுன்னு அறுத்தாங்க. உங்க ஆஸ்பத்திரிலதான். சொன்னா உங்க தயவுல போன மாதிரி ஆயிடும்னு சொல்லல. ரெண்டு தவணை கட்டிட்டேன். வீட்ல வச்சிருந்த ஓவர்லாக் தையல் மிஷினை வித்து ரெண்டாவது தவணை. இனிமே விக்கறதுக்கு நான்தான் இருக்கேன்" என்றாள் நாத்தனார். பிறகுதான் அவள் உண்மையில் சொல்ல வந்ததைச் சொன்னாள்: "கல்யாணப் பத்திரிகையையும் தபால்ல அனுப்புனீங்க. இதையும் தபால்ல அனுப்புறீங்க. ஒரு தடவையாவது நேர்ல வரக்கூடாதா?"

கணவர் உள்ளே மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். நாத்தனாரின் வருமானத்துக்கு ஒரு காசுகூடக் கட்டியிருக்க வேண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

சொன்னாள்.

"அப்ப ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா எல்லாரும் கேப்பாங்க இல்ல" என்றாள் அக்கா. சொன்னபிறகுதான் அந்தப் பதிலின் கேவலம் அவளுக்கே உறைத்தது.

மறுநாள் பதிவேட்டு அறைக்குப் போய், அறக்கட்டளையின் மூலப் பத்திரத்தைத் தூசி தட்டி எடுத்தாள். தும்மிக்கொண்டே படித்தாள். பதினேழாவது விதி இப்படி இருந்தது: வருமானம் குறைந்த எவருக்கும் சிகிச்சை இலவசம், பில் கொடுத்து ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தாலும் செல்லும், இந்தச் சலுகை இருப்பதை ஒவ்வொரு நோயாளிக்கும் எழுத்து மூலம் தெரிவிப்பது கணக்குப் பிரிவின் கடமை. பின்னால் விண்ணப்பத்தின் மாதிரியும் இருந்தது. ஒரே பக்கம். பெயர், வேலை, வருமானம், கையெழுத்து. பதினொரு பக்கமும் பிற்பாடு யாரோ உட்கார்ந்து வளர்த்தது. அதற்கும் யாருக்கோ ஊக்கத்தொகை கிடைத்திருக்கும்.

கணக்குப் பிரிவின் கடமை. அதாவது தன் கடமை. இருபத்தாறு வருஷமாக.

அந்த மாதம் போன நினைவூட்டல் கடிதங்கள் இரண்டாயிரத்து நூற்றுப் பத்து. ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு பக்க விண்ணப்பம் ஒன்றையும் மடித்து வைத்தாள் அக்கா. கூடவே ரெண்டு வரி: 'நீங்கள் இதைக் கட்டவேண்டியதில்லாமல் இருக்கலாம். நிரப்பி அனுப்புங்கள்.' கீழே கையெழுத்து. இந்தமுறை முத்திரை இல்லை. நாலு நாள் அலுவலக நேரத்தில் உட்கார்ந்து கையாலேயே போட்டாள். கடைசியில் விரல் பேனா பிடித்த வாக்கிலேயே நின்றுவிட்டது. என்ன செய்கிறாய் என்று பக்கத்து மேஜையில்கூட யாரும் கேட்கவில்லை. கணக்குப் பிரிவில் ஒருத்தி கையெழுத்துப் போடுவதை யார் வேடிக்கை பார்ப்பார்கள்?

பத்தாம் நாள் தபால்காரர் சாக்கோடு வந்தார். மூன்றாம் வாரம் கீழ்த்தளக் கூடத்தில் வரிசை நின்றது. லாரி டிரைவர்கள், வீட்டு வேலைக்காரிகள், ஓய்வூதியம் வாங்கும் கிழவர்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள். பியானோ தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற ஒருவர் அதன்மேல் விண்ணப்பத்தை வைத்து நிரப்பினார். வந்த நாளிலிருந்து அது உருப்படியாகப் பயன்பட்டது அன்றுதான்.

ஸ்லைடு சார் அக்காவை மேலே கூப்பிட்டார். அன்று சுவரில் படம் ஏதும் ஓடவில்லை. அதுவே நிலைமையின் தீவிரத்தைக் காட்டியது.

"என்ன இது?"

"விண்ணப்பம் சார்."

"யார் அனுப்பச் சொன்னா?"

"பதினேழாவது விதி சார்."

"அதையெல்லாம் யார் படிக்கிறாங்க?"

"நான் படிச்சேன் சார். கொஞ்சம் லேட்டாத்தான்."

ஸ்லைடு சார் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "இதையெல்லாம் ஏத்துக்கிட்டா இந்த வருஷ உபரி மூணுல ஒரு பங்கா ஆயிடும். புரியுதா?"

"ரொம்ப உபரி இருந்தா அசிங்கம்னு நீங்கதானே சார் வருஷா வருஷம் கவலைப்படுவீங்க? இப்ப அசிங்கம் குறைஞ்சிருச்சு."

"கிண்டலா?"

"இல்ல சார். நமக்குத்தான் லாப நோக்கமே இல்லையே. வாசல்ல போட்டிருக்கே."

அவர் முகம் போன போக்கை அக்கா பிற்பாடு கணவருக்கு நடித்தே காட்டினாள். அன்று மாலையே அவளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நிறுவனத்தின் நிதி நலனுக்கு ஊறு விளைவித்தது ஏன்? அதில் ஒரு தொகை எழுதியிருந்தார்கள், கமா இல்லாமல். அவள் சிவப்பு மையால் கமாவைப் போட்டு, 'விதி 17' என்று மட்டும் பதில் எழுதித் திருப்பி அனுப்பினாள்.

சீட்டைக் கிழித்திருப்பார்கள். அதற்குள் வரி அலுவலகத்து ஆட்கள் ஆய்வுக்கு வந்துவிட்டார்கள். மூன்று வருஷத் தர்மக் கணக்கையும் புரட்டிப் பார்த்தவர்கள், தள்ளுபடியும் வராக்கடனும் தர்மம் ஆகாது என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டார்கள். விலக்கே பறிபோகும் நிலை. ஆஸ்பத்திரியின் ஆடிட்டர் வியர்த்து வழிந்துகொண்டு, இந்த வருஷக் கணக்கை எடுத்துப் போட்டார். அவசர அவசரமாக ஏற்றுக்கொண்ட ஆயிரத்து நானூறு பேருடைய விண்ணப்பம், கையெழுத்தோடு, தேதியோடு, கமாவோடு. வந்தவர்கள் ஒன்றுவிடாமல் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். விலக்கு பிழைத்தது.

மதியம் வரை அக்கா செய்தது துரோகம், மாலையில் அதுவே திட்டம். மறுவாரம் கூடத்தில் பெரிய பதாகை: 'தலைவரின் கருணைத் திட்டம்'. தலைவர் ஒரு கிழவரின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கிழவருக்கு மூன்றாம் நினைவூட்டல் போயிருந்தது அக்காவுக்கு நினைவிருந்தது. ஏதோ ஒரு சங்கம் 'ஆண்டின் கருணை நிறுவனம்' என்று விருது கொடுத்தது. விருது வாங்கும் விழாவுக்கு ஆன செலவையும் தர்மத்தில் எழுதச் சொன்னார்கள்.

"என் வாழ்நாள் கனவு இது" என்று தலைவர் மேடையில் தழுதழுத்தார். "ஏழை ஒருவர்கூட இந்த வாசலில் கண்ணீரோடு திரும்பக்கூடாது என்று நான் தூங்காமல் யோசித்த திட்டம்."

கடைசி வரிசையில் அக்காவோடு உட்கார்ந்திருந்த நாத்தனார், "இந்த ஆளைத்தான் தூங்கவிடாம பண்ணீங்களா அண்ணி?" என்று சத்தமாகவே கேட்டாள். முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

நாத்தனாருக்குக் கட்டிய பணம் திரும்பி வந்தது. மூன்று தடவை அலைந்தபிறகு, 'செயலாக்கக் கட்டணம்' பிடித்துக்கொண்டு. "இலவசமாக் குடுக்கறதுக்கும் கூலியா?" என்று கவுன்டரில் அவள் போட்ட சத்தத்தில் பிடித்ததையும் எண்ணி வைத்தார்கள். ஆனால் விற்ற மிஷின் விற்றதுதான். வாங்கியவன் கொடுக்கமாட்டேன் என்றுவிட்டான். புதிதின் விலை எகிறிவிட்டது. இன்றும் பட்டறை மிஷினில்தான் தைக்கிறாள்.

அக்காவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. 'துணிப் பராமரிப்பு ஆலோசகர்'. அடித்தளத்தில் போர்வைக் கிடங்கு. சலவைக்குப் போய்வரும் படுக்கை விரிப்புகளை எண்ணும் வேலை. அவள் இடத்துக்கு வந்தவர் முதல் காரியமாக உறைகளிலிருந்து விண்ணப்பத்தை எடுத்துவிட்டார். விலக்குதான் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தாகிவிட்டதே, இனி எதற்குக் கருணை? பதாகை மட்டும் அப்படியே இருந்தது.

போர்வைகளுக்கு நடுவே இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தாள். ஓய்வுக்கு எட்டு மாதம் பாக்கி. ஒரு திங்கட்கிழமை ராஜினாமாவைக் கொடுத்தாள். "எட்டு மாசம் பல்லைக் கடிச்சிருந்தா முழு ஓய்வூதியம் வந்திருக்குமே" என்றார் கணவர்.

"பல்லு எல்லாம் ஏற்கெனவே ஆடுது. இருபத்தாறு வருஷமாக் கடிச்சாச்சு."

இப்போது ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருக்கும் தேநீர்க் கடையில் ஓரத்து மேஜை அவளுடையது. ஒரு பக்க விண்ணப்பம் நூறு பிரதி, இரண்டு பேனா, பதினேழாவது விதியின் நகல். பில்லும் கையுமாக வெளியே வருகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து நிரப்பிக் கொடுக்கிறாள். காசு வாங்குவதில்லை, தேநீர் வாங்கிக் கொடுத்தால் குடிப்பாள். விண்ணப்பத்தை வாங்கமாட்டேன் என்று ஆஸ்பத்திரியால் சொல்லமுடியாது. சொன்னால் வரி அலுவலகத்தின் விலாசமும் அவளிடம் இருக்கிறது. பட்டறை அரைநாள் விடும் சனிக்கிழமைகளில் நாத்தனார் வந்து, "பில்லு கட்டறதுக்கு முன்னாடி இங்க வந்துட்டுப் போங்க" என்று தெரு முழுக்கக் கேட்கக் கூவுவாள். எட்டு வருஷம் பேசாமல் சேர்த்து வைத்த குரல்.

போன மாதம் ஆஸ்பத்திரிக் காவலாளி தெருவைக் கடந்து வந்தான். சீருடை, தொப்பி, கையில் தடி.

"அக்கா, உங்களை இங்கிருந்து கிளப்பச் சொல்லி மேல இருந்து உத்தரவு."

"கிளப்பு" என்றாள் அக்கா, எழுதுவதை நிறுத்தாமல்.

அவன் இருபக்கமும் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். உள்ளே மடித்து வைத்திருந்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"எங்கம்மாவுக்கு இடுப்பு எலும்பு. அங்கயேதான் பாத்தோம். ஊழியர் தள்ளுபடின்னு சொல்லி இவ்வளவு போட்டிருக்காங்க."

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தத் தொகையைப் பார்த்தாள். இலக்கங்களை எண்ணினாள். பிறகு எதிரே இருந்த நாற்காலியைக் காலால் தள்ளினாள்.

"தடியை அந்தப் பக்கம் வச்சிட்டு உக்காருப்பா. உன் சம்பளம் எவ்வளவு? வெட்கப்படாம சொல்லு. அவங்க உனக்குக் குடுக்கிற சம்பளத்துக்கு நீ தாராளமா ஏழைதான்."